ஜீப் இன்ஜினை இறக்கி வேலை பார்ப்பதா, வேறு இன்ஜின் ஏற்றுவதா?

பழைய மஹிந்திரா ஜீப் வைத்திருக்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி என்றைக்காவது வந்தே தீரும். எம்.எம். 540, மேஜர், கமாண்டர் எதுவானாலும் கதை ஒன்றுதான். காலையில் ஸ்டார்ட் ஆக முக்குகிறது, முன்பு இரண்டாவது கியரில் ஏறின ஏற்றத்துக்கு இப்போது முதல் கியர் கேட்கிறது, பின்னால் நீலப் புகை, டிப்ஸ்டிக்கை உருவினால் ஆயில் அடிமட்டத்தில். மெக்கானிக் ஆயில் மூடியைத் திறந்து காட்டி, "பேக் கம்ப்ரஷன் அடிக்குதுண்ணே, இன்ஜின் இறக்கணும்" என்பார், அதாவது பிஸ்டனைத் தாண்டிக் காற்றும் புகையும் கீழே கசிகிறது. சொன்ன கையோடு, "இதுல காசைக் கொட்டுறதுக்கு ஒரு டி.ஐ. இன்ஜினை வாங்கி வச்சிரலாம்" என்றும், பொலேரோவில் வருகிற இன்ஜினை மனதில் வைத்து, சேர்த்துச் சொல்வார். தலைவலி அங்கேதான் ஆரம்பம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டியில் இருக்கிற பிளாக்கும் (இன்ஜினின் கூடு) க்ராங்க்கும் (பிஸ்டன்கள் சுற்றுகிற தண்டு) அளவில் தேறினால், அதே இன்ஜினை முழுசாக வேலை பார்ப்பதுதான் பெரும்பாலானவர்களுக்குச் சரி. தேறாவிட்டால் அதே ரக இன்ஜின் ஒன்றை வாங்கி, அதையும் திறந்து வேலை பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். வேறு ரக இன்ஜின் என்பது வேறு வண்டி கட்டுகிற வேலை. அதில் தப்பில்லை, ஆனால் அது "மாத்திரலாம்" என்று டீக்கடையில் முடிவு பண்ணுகிற சமாச்சாரம் இல்லை.

இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்வது பெஜோ எக்ஸ்.டி.பி. 4.90 டீசல் இன்ஜின். 2112 சிசி, 4 சிலிண்டர், 90 மில்லி போர் (சிலிண்டரின் விட்டம்), 83 மில்லி ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்குகிற தூரம்), 4500 ஆர்.பி.எம்மில் 62 குதிரைத்திறன், டார்க் (சுழற்றி இழுக்கிற பலம்) 121 நியூட்டன் மீட்டர். எம்.எம். 540-யிலும் மேஜரிலும் வந்தது இதுதான். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்புகளையும், போடி, தேவாரம், கோம்பை பக்கமிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆட்களைக் கொண்டுபோகிற ஜீப்புகளையும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பாதைகளில் வண்டி ஓடுவதில்லை, ஏறி இறங்குகிறது, அவ்வளவுதான். கிலோமீட்டர் கணக்கு அங்கே ஒன்றுக்கும் உதவாது. ஒரு நாள் முழுக்க முதல் கியரில், லோவில், அரை ஆக்சிலேட்டரில் கத்திக்கொண்டே போன வண்டியின் மீட்டரில் சில பத்து கிலோமீட்டர்தான் கூடியிருக்கும். ஆகவே "ஒரு லட்சம்தான் ஓடியிருக்கு, இன்ஜின் நல்லாத்தான் இருக்கும்" என்று விற்கிறவர் சொன்னால் சிரித்துவிட்டு ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள்.

உண்மையிலேயே இன்ஜின்தான் தேய்ந்திருக்கிறதா?

இதைப் பார்க்காமல் இன்ஜினை இறக்கியவர்கள் நிறைய. இழுவை இல்லை என்பதற்கு இன்ஜின் தேய்மானம் ஒரு காரணம்தான். டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய ஒரு சதவீதம் பலத்தை இழக்கும், காற்று மெலிவதால். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேலே. அங்கே போனால் இந்த 62 குதிரையில் 50 மிஞ்சினால் பெரிது. திண்டுக்கல்லில் நன்றாக ஓடின வண்டி மேலே போய் மூச்சு வாங்கினால் அது இன்ஜின் நோய் இல்லை. அங்கே வைத்து கம்ப்ரஷன் பார்த்தாலும் அளவு குறைவாகத்தான் காட்டும், அதை வைத்துக்கொண்டு பயப்படக் கூடாது.

அடுத்தது புகை. கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம், காற்று குறைவு: ஏர் ஃபில்டர், நாசில், பம்ப். வெள்ளைப் புகை காலையில் மட்டும் வந்து சூடானதும் நின்றால் முதலில் ஹீட்டர் பிளக்கைச் சோதிக்க வேண்டும். இந்த பெஜோ இன்ஜினில் டீசல் நேராக பிஸ்டன் தலையில் அடிப்பதில்லை, பக்கத்தில் உள்ள சின்ன அறைக்குள் அடிக்கிறது, அதனால் குளிரில் பிடிக்க ஹீட்டர் பிளக் அவசியம். நான்கில் இரண்டு செத்துப்போயிருந்தால் கம்ப்ரஷன் போன இன்ஜின் மாதிரியே அடம் பிடிக்கும். நீலப் புகைதான் ஆயில். அதிலும் கீழிறக்கத்தில் கால் எடுத்து வந்துவிட்டு மறுபடி மிதிக்கும்போது மட்டும் குப்பென்று நீலம் வந்தால் வால்வ் கைடு வழியாக ஆயில் இறங்குகிறது என்று சந்தேகப்படலாம். அதற்கு ஹெட் வேலை போதும். மிதிக்க மிதிக்க நீலம், ப்ரீதர் குழாயில் விடாமல் புகை, ஏற்றத்தில் ஆயில் மூடி வழியே கசிவு என்றால் ரிங்கும் (பிஸ்டனைச் சுற்றிய வளையம்) லைனரும் (பிஸ்டன் ஓடுகிற குழல்) போய்விட்டது.

நாசிலையும் பம்ப்பையும் காலிப்ரேஷன் பெஞ்சில் வைத்துப் பாருங்கள், அப்புறம் டீசலுக்கான கேஜில் நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் எடுங்கள். மொத்த அளவைவிட சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம்தான் பேசும். நான்கும் கொஞ்சம் குறைவாக ஆனால் ஒன்றாக இருந்தால் சீரான தேய்மானம், அவசரமில்லை. மூன்று நன்றாக இருந்து ஒன்று மட்டும் விழுந்திருந்தால் அங்கே வால்வோ கேஸ்கெட்டோ உடைந்த ரிங்கோ இருக்கிறது. பெட்ரோல் வண்டியில் பண்ணுகிற மாதிரி சிலிண்டருக்குள் ஆயில் விட்டு மறுபடி கம்ப்ரஷன் பார்ப்பதை டீசலில் செய்ய விடாதீர்கள். பிஸ்டனுக்கு மேலே இருக்கிற இடமே கொஞ்சம், அதில் ஆயில் நிறைந்தால் அளவு பொய்யாக ஏறும், கொஞ்சம் கூடிவிட்டால் கனெக்டிங் ராடே வளையும்.

திறந்த பிறகுதான் பேச்சு

இன்ஜினைத் திறக்காமல் "வேலை பார்த்தா இவ்வளவு, மாத்துனா இவ்வளவு" என்று இரண்டு தொகையை எதிரெதிரே வைத்து முடிவெடுப்பதுதான் எல்லோரும் செய்வது. முதல் தொகை எப்போதும் பொய், ஏனென்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஹெட்டையும் சம்ப்பையும் கழற்றுகிற கூலி எப்படியும் போகத்தான் போகிறது, அதைக் கொடுத்துவிட்டு இரண்டு இடத்தைப் பார்க்க வேண்டும்.

ஒன்று, லைனரின் மேல் ஓரம். விரலை உள்ளே விட்டு நகத்தை மேலிருந்து கீழாக மெதுவாக இழுத்தால், மேல் ரிங் வந்து நிற்கிற இடத்தில் நகம் ஒரு படியில் தட்டும். ரிங் தொடாத மேல் ஓரம் பழைய அளவிலேயே நிற்கிறது, அதற்குக் கீழே தேய்ந்திருக்கிறது, அந்த வித்தியாசம்தான் அந்தப் படி. நகம் வழுக்கிக்கொண்டு போனால் உயிர் இருக்கிறது. சிக்கி நின்றால் லைனர் முடிந்தது, வேறு பேச்சில்லை. இது கைப்பார்வைதான், சரியான அளவு போர் கேஜில் மேலே, நடுவே, அடியே என்று மூன்று இடத்தில், நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் எடுக்க வேண்டும்.

இரண்டாவது, பியரிங் ஷெல்லின், அதாவது க்ராங்க் சுற்றுகிற இடத்தில் உட்காருகிற அரைவட்டத் தகட்டின், முதுகு. கனெக்டிங் ராடு மூடியைக் கழற்றி ஷெல்லை எடுத்து, துணியால் துடைத்துவிட்டு, பின்பக்கம் பொறித்திருக்கிற எண்ணைப் படியுங்கள். ஸ்டாண்டர்ட் என்று இருந்தால் இந்த க்ராங்க் இதுவரை கிரைண்டிங் கல்லைப் பார்த்ததில்லை. 0.25, 0.50 என்றோ, பழைய அங்குலக் கணக்கில் 010, 020 என்றோ இருந்தால் ஒன்றிரண்டு முறை கிரைண்டிங் ஆகியிருக்கிறது. லேத்காரர்கள் "பத்து சைஸ், இருபது சைஸ்" என்று சொல்வது இதைத்தான். 040 அல்லது 1.00 என்று இருந்து க்ராங்க்கிலும் கோடு விழுந்திருந்தால் அடுத்த சைஸ் ஷெல் பொதுவாகக் கிடையாது. அந்த க்ராங்க் அவ்வளவுதான். விற்றவர் "இன்ஜின் கை படாதது" என்று சொல்லியிருந்தால் அதன் உண்மையும் இந்த எண்ணில்தான் இருக்கிறது.

பிளாக்கில் விரிசல் இல்லை, க்ராங்க்கில் இன்னும் ஒரு சைஸ் பாக்கி இருக்கிறது, லைனர் மாற்ற முடிகிறது. இந்த மூன்றும் தேறினால் வேலை பார்க்கலாம். இதில் பிளாக்தான் தலை. வண்டியை நன்றாகச் சூடாக்கி, தண்ணீர் இல்லாமல் ஓட்டிய சரித்திரம் இருந்தால் ஹெட்டையும் பிளாக்கையும் பிரஷர் டெஸ்ட் போடாமல் ஒரு ரூபாய்கூட உதிரிபாகத்தில் போடாதீர்கள்.

இதே சமயத்தில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: இன்ஜின் ஏன் தேய்ந்தது? காடு மேடு ஏறுகிற வண்டிகளில் முக்கால்வாசி பதில் தூசிதான். ஏர் ஃபில்டரிலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகிற ரப்பர் குழாயைக் கழற்றி, வளைகிற இடத்தைக் கையால் பிரித்துப் பாருங்கள். வெளியிலிருந்து நன்றாகத் தெரிகிற குழாயின் மடிப்புக்குள் நீளமாக வெடித்திருக்கும். உட்பக்கம் விரலைத் தேய்த்தால் செம்மண் வரும். அந்தக் குழாய் வெடித்த நாளிலிருந்து ஃபில்டர் இருந்தும் இல்லாத மாதிரிதான். ஆயில் பாத் ஃபில்டர் உள்ள வண்டியில் அந்தக் கிண்ணத்து ஆயில் குழம்பாகிக் கிடந்தாலும் அதே கதி.

தெர்மோஸ்டாட் இன்னொரு காரணம். "நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு" என்று கழற்றி வீசிவிடுகிற பழக்கம் நம் பட்டறைகளில் இருக்கிறது. மலையில் ஓடுகிற வண்டிக்கு இது நேர் விரோதம். தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் வேலை செய்ய வேண்டிய சூட்டுக்கு வரவே நேரமாகும், குளிர்ந்த இன்ஜினில் சிலிண்டர் வேகமாகத் தேயும், ஆயிலில் ஈரமும் கழிவும் சேரும். காரணத்தைச் சரிசெய்யாமல் புது இன்ஜின் வைத்தாலும் பழையது வைத்தாலும் அதே தூசியைத்தான் குடிக்கும். செலவு முதலில் குழாய்க்கும் ரேடியேட்டருக்கும் தெர்மோஸ்டாட்டுக்கும் போகட்டும்.

வேலை பார்த்தால் முழுசாக

இங்கே ஒரு நடுவழி எப்போதும் சொல்லப்படும். "ஹாஃப் இன்ஜின் வேலை": வண்டியில் இருந்தபடியே ஹெட்டையும் சம்ப்பையும் கழற்றி, புது ரிங், புது ஷெல், வால்வ் சீட்டிங், மூடிவிடுவது. லைனர் தேயாமல், ஒரு ரிங் உடைந்ததாலோ ரிங் ஒட்டிக்கொண்டதாலோ வந்த பிரச்சினைக்கு இது நியாயமான வேலை. தேய்ந்து முட்டை வடிவமான லைனரில் புது ரிங் போடுவது வீண். வட்டமான ரிங் வட்டமில்லாத துளையில் எங்கே உட்காரும்? புகை கொஞ்ச நாள் குறையும், அப்புறம் வந்துவிடும், சில நேரம் மேலே இருக்கிற அந்தப் படியில் புது மேல் ரிங் மோதி உடைந்தும் போகும். வண்டியை விற்கப் போகிறவர்கள் இதைச் செய்வார்கள். வாங்கப் போகிறவர் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

முழு வேலை என்றால் இன்ஜின் வெளியே வந்து, பிளாக் வெறும் கூடாகி, சுத்தமாகக் கழுவி, லைனர் பிஸ்டன் செட் மாறி, க்ராங்க் கிரைண்டிங் ஆகி, அதற்கேற்ற ஷெல் விழுந்து, ராடுகளின் வளைவு பார்க்கப்பட்டு, ஹெட் ஃபேஸிங் ஆகி, கைடும் சீட்டும் மாறி, ஆயில் பம்ப் மாறி, டைமிங் பாகங்கள் மாறி, நாசிலும் பம்ப்பும் பெஞ்சுக்குப் போய் வருவது. ஆற்றில் இறக்கி ஏர் ஃபில்டர் வழியே தண்ணீர் குடித்த வண்டியானால் ராடு சோதனையை எந்தக் காரணத்துக்காகவும் விடக் கூடாது. தண்ணீர் அமுங்காது, ராடு வளையும். லேசாக வளைந்த ராடுடன் வண்டி ஓடும், ஒரு சிலிண்டர் மட்டும் கோணலாகத் தேய்ந்துகொண்டே இருக்கும்.

இதில் யார் செய்கிறார் என்பதுதான் விஷயம், என்ன பாகம் என்பதைவிடவும். மெக்கானிக்கைவிட லேத்காரர் முக்கியம் என்றே சொல்வேன். க்ராங்க் ஜர்னலுக்கும் (ஷெல்லுக்குள் சுற்றுகிற உருண்டைப் பகுதி) ஷெல்லுக்கும் நடுவே விடுகிற இடைவெளி ஒரு மில்லிமீட்டரின் இருபதில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். அது இரண்டு மடங்கானால் சூடான பிறகு ஆயில் பிரஷர் நிற்காது. நல்ல லேத்தில் க்ராங்க்கை வாங்கியதும் மைக்ரோமீட்டரில் ஒவ்வொரு ஜர்னலையும் அளந்து சாக்பீஸில் எழுதிவைப்பார்கள், ஷெல் செட்டைக் கையில் கொடுத்தால்தான் கல் வைப்பார்கள், லைனர் ஹோனிங்கில் குறுக்குக் கோடுகள் தெளிவாகத் தெரியும். "நாளைக்கே தர்றேன்" என்கிற இடத்தில் கொடுக்காதீர்கள். கோயம்புத்தூர் மாதிரி பம்ப்பும் மோட்டாரும் செய்து பழகிய ஊரில் இந்தத் தரம் கிடைப்பது சுலபம். சின்ன ஊரில் இருக்கிறவர்கள் பிளாக்கையும் க்ராங்க்கையும் மட்டும் வண்டியில் ஏற்றி அங்கே அனுப்பி வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, வண்டிக்கூலி பெரிய தொகை இல்லை.

உதிரிபாகம் எக்ஸ்.டி.பி.க்கு இன்னும் கிடைக்கிறது, ஆனால் தேட வேண்டியிருக்கிறது, எல்லாப் பெட்டியிலும் உள்ளே இருப்பது ஒரே தரமில்லை. பிஸ்டன் செட் வாங்கினால் நான்கின் எடையையும் ஒரு தராசில் போட்டுப் பாருங்கள், ரிங் இடைவெளியை லைனருக்குள் வைத்தே ஃபீலர் கேஜில் பாருங்கள். பல டீசல் இன்ஜின்களில் ஹெட் கேஸ்கெட்டே இரண்டு மூன்று தடிமனில் வரும், பிஸ்டன் பிளாக்குக்கு மேலே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளந்துதான் எடுக்க வேண்டும். பிளாக்கை ஃபேஸிங் பண்ணிவிட்டு பழைய தடிமனிலேயே கேஸ்கெட் போட்டால் கம்ப்ரஷன் ஏறி, சத்தம் மாறி, வால்வ் பிஸ்டனைத் தொடும் அபாயம் வரை போகும்.

செலவுக்கு எண் போடவில்லை, ஊருக்கு ஊர், கைக்குக் கை மாறும். திறந்து அளந்த பிறகு வருகிற பட்டியலுக்கு மேல் இன்னொரு மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கிவைத்துக்கொண்டு இறங்குங்கள். கிளட்ச், இன்ஜின் மவுண்ட், ரேடியேட்டர், ஹோஸ், ஸ்டார்ட்டர் மோட்டார் எல்லாம் "இறக்குனது இறக்கியாச்சு" என்று சேர்ந்துகொள்ளும். சேரட்டும், மறுபடி இறக்குகிற கூலி மிச்சம்.

அதே ரக பழைய இன்ஜின்

சென்னை புதுப்பேட்டையிலும் டெல்லி மாயாபுரியிலும் உடைத்த வண்டிகளின் இன்ஜின் வரிசையாகக் கிடக்கும். டெல்லியில் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டி ஓடக் கூடாது என்று வந்த பிறகு "டெல்லி வண்டி இன்ஜின், நல்லா ஓடுனது" என்பது ஒரு விற்பனை வாசகமாகவே ஆகிவிட்டது. சில சமயம் உண்மையாகவும் இருக்கும். ஆனால் பெஜோ எக்ஸ்.டி.பி. என்று வந்தால் கிடைப்பதெல்லாம் உங்கள் இன்ஜின் அளவுக்கே வயதானது. உங்களுடையது எப்படித் தேய்ந்ததோ அதுவும் அப்படித்தான் தேய்ந்திருக்கும், அதற்கு மேல் அதன் சரித்திரம் உங்களுக்குத் தெரியாது. பெயின்ட் அடித்து, கழுவி, பளபளவென்று நிற்கிற இன்ஜினைவிட எண்ணெய்ப் பிசுக்கோடு கிடக்கிறதை நம்பலாம். கசிவு எங்கே என்றாவது தெரியும்.

என் கணக்கில் இதற்கு ஒரே உபயோகம், உங்கள் பிளாக்கோ க்ராங்க்கோ தேறாதபோது பாகத்துக்காக வாங்குவது. வாங்கியதை அப்படியே ஏற்றினால் இரண்டு முறை கூலி, திறந்து வேலை பார்த்தால் இன்ஜின் விலையும் வேலைச் செலவும். க்ராங்க் மட்டும் நல்லதாகக் கிடைத்தால் உங்கள் பிளாக்கிலேயே போட்டுக்கொள்ளலாம், அப்போது இன்ஜின் எண்ணும் மாறாது, பேப்பர் வேலையும் இல்லை. வாங்கும்போது பில் கட்டாயம். எந்த வண்டியில் இருந்தது, அந்த வண்டியின் பதிவு ரத்தானதற்கு அத்தாட்சி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். திருட்டு வண்டி இன்ஜின் உங்கள் ஜீப்பில் உட்கார்ந்திருந்தால் "எனக்குத் தெரியாது" என்பது ஸ்டேஷனில் எடுபடாது.

மாருதி ஜிப்ஸிக்காரர்களுக்கு மட்டும் இந்த வழி கொஞ்சம் வேறு மாதிரி. அந்த 1298 சிசி பெட்ரோல் இன்ஜின் அலுமினிய பிளாக், லேசானது, சுலபமாக இறக்கலாம். பிளாக் அதிகச் சூட்டில் கெட்டுப்போனால் வேலை பார்ப்பதைவிட நல்ல பழைய இன்ஜின் தேடுவது புத்திசாலித்தனமாக இருக்கலாம், கம்ப்ரஷனும் ஆயில் பிரஷரும் ஓட்டிக் காட்டச் சொல்லி வாங்கினால்.

டி.ஐ. ஏற்றலாமா?

இப்போது அந்தப் பெரிய ஆசைக்கு வருவோம். பொலேரோவில் வந்த எம்.டி.ஐ. டர்போ இன்ஜின் 2523 சிசி. குதிரைத்திறன் 63, அதாவது பெஜோவைவிட ஒன்றே ஒன்றுதான் கூட. ஆனால் டார்க் 180 நியூட்டன் மீட்டரை ஒட்டி, அதுவும் 1500 ஆர்.பி.எம் பக்கத்திலேயே வந்துவிடும். போர் 3.5 அங்குலம், ஸ்ட்ரோக் 4 அங்குலம், இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் டிராக்டர் பரம்பரையிலிருந்து வந்த அளவு. டிராக்டர் மாதிரியே இழுக்கும், டிராக்டர் மாதிரியே உதறும். பாரம் ஏற்றி மலை ஏறுகிறவருக்கு இது வரம்தான். டர்போ இருப்பதால் உயரத்தில் பலம் விழுவதும் குறைவு. உதிரிபாகம் பொலேரோவும் பிக்கப்பும் ஓடுகிற எல்லா ஊரிலும், சின்னக் கடையிலும் கிடைக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே தோட்ட ஜீப்காரர்கள் அதன் பக்கம் போகிறார்கள், அவர்கள் கணக்கு தப்பில்லை.

ஆனால் அந்த இன்ஜின் 3200 ஆர்.பி.எம்மோடு முடிந்துவிடும், பெஜோ 4500 வரை சுற்றும். 5.38 ஆக்சில் ரேஷியோ (சக்கரம் ஒரு முறை சுற்ற ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் சுற்ற வேண்டிய எண்ணிக்கை) உள்ள பழைய சி.ஜே. 3பி போன்ற ஒரு ஜீப்பை எடுத்துக்கொள்ளுங்கள், டாப் கியர் நேர் கியர், டயரின் சுற்றளவு 2.2 மீட்டர் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், 3200-இல் வண்டி மணிக்கு 78 கிலோமீட்டரில் முட்டி நிற்கும். 4500 சுற்றுகிற இன்ஜினுக்கு அதே பற்சக்கரத்தில் 110 வருகிறது, வேண்டுமானால் காற்று தடுக்கும். ஆக நெடுஞ்சாலையில் டி.ஐ. ஜீப் கத்திக்கொண்டே இருக்கும், இல்லாவிட்டால் முன் பின் இரண்டு ஆக்சிலிலும் கிரவுன் பினியன் (அந்த ரேஷியோவைத் தருகிற பற்சக்கர ஜோடி) மாற்ற வேண்டும். நான்கு சக்கர ஓட்டம் என்பதால் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டுத் தப்பிக்க முடியாது. இதை எந்த மெக்கானிக்கும் முதல் நாள் சொல்வதில்லை.

அப்புறம் வருகிற வால்: பெல் ஹவுசிங் பொருந்துமா, அடாப்டர் பிளேட் போட்டால் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் மையம் சரியாக வருமா, இன்ஜின் மவுண்ட்டை சேஸிஸில் எங்கே வெல்டிங் பண்ணுவது, ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் நீளம் மாறுமா, ரேடியேட்டர் போதுமா, சைலன்சர் குழாய் முன் ஷாஃப்ட்டில் உரசுமா. 121-க்குப் பழகிய பழைய கியர்பாக்ஸும் ட்ரான்ஸ்பர் கேஸும் 180-ஐ லோ கியரில் பெருக்கி வாங்கும்போது எத்தனை நாள் தாங்கும் என்பதும் கேள்வி. எதுவும் முடியாததில்லை, செய்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நல்லபடியாக அமைந்த ஒவ்வொன்றுக்கும் பட்டறை மூலையில் பாதியில் நின்று தூசி படிந்துகொண்டிருக்கிற ஜீப் ஒன்று இருக்கும். உரிமையாளருக்குக் காசு தீர்ந்திருக்கும், இல்லை மெக்கானிக்குக் கை சலித்திருக்கும்.

தார் சி.ஆர்.டி.இ.யின் 2498 சிசி, 105 குதிரை இன்ஜினைப் பழைய ஜீப்பில் வைக்கிறவர்களும் உண்டு. பலம் அமோகம். ஆனால் அது இன்ஜினோடு முடியாது. இ.சி.யூ. (இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டர்), வயரிங், சென்சார்கள், சரியான டீசல் பம்ப் லைன், எல்லாம் ஒரே வண்டியிலிருந்து ஒன்றாக வர வேண்டும். இந்தப் பழைய ஜீப்பின் பெரிய பலமே, ஓட ஆரம்பித்துவிட்டால் மின்சாரம் ஏறக்குறைய தேவையில்லை என்பதுதான். காட்டுக்குள் ஆல்டர்னேட்டர் செத்தாலும் வீடு வந்து சேரும். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வராது. டொயோட்டா குவாலிஸின் 2446 சிசி இன்ஜின் இந்த விஷயத்தில் தேவலை, பழைய மெக்கானிக்கல் பம்ப், மென்மையான ஓட்டம், 75 குதிரை. ஆனால் அதில் டைமிங் பெல்ட், தேதி தவறினால் வால்வ் போய்விடும், சேற்றிலும் தண்ணீரிலும் முங்கி எழுகிற வண்டியில் பெல்ட் கவரின் மூடி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இனி சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-வது பிரிவு, பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. அதே வருடம் வந்த திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றிய உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வேறு ரக இன்ஜின் வைத்தால் சிசி மாறுகிறது, எண் மாறுகிறது. பெட்ரோல் ஜீப்பை டீசலாக்கிப் புத்தகத்தில் ஏற்றிக்கொண்ட பழைய காலத்தை உதாரணம் காட்டி "எல்லாம் ஏத்திரலாம்ணே" என்று யாராவது சொன்னால் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். இன்ஜின் வாங்குவதற்கு முன்னால், பின்னால் அல்ல, உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். அதே ரக இன்ஜின் மாற்றினாலும் எண்ணைப் புத்தகத்தில் ஏற்றாமல் விட்டால் எஃப்.சி.க்குப் போகும் நாளில் மாட்டும். விபத்து நடந்து இன்ஷூரன்ஸ் ஆள் வந்து எண்ணைப் பார்க்கும்போது மாட்டினால் அதைவிட மோசம்.

ஆகவே யாருக்கு எது? வார இறுதியில் மலை ஏறிவிட்டு வருகிறவர், வண்டியை வண்டியாகவே வைத்துக்கொள்ள நினைப்பவர், பதிவு புதுப்பிக்க வேண்டிய வயதில் வண்டி இருப்பவர், இவர்களெல்லாம் சொந்த இன்ஜினையே முழு வேலை பார்க்கட்டும். தினமும் பாரம் அடித்துப் பிழைக்கிறவருக்கு பெஜோ உதிரிக்காக வண்டி வாரக்கணக்கில் நிற்பது கட்டாது. அவர் வேறு இன்ஜின் வைப்பதைவிட, இந்த ஜீப்பை விற்றுவிட்டு டி.ஐ. இன்ஜினோடேயே பிறந்த வண்டி ஒன்றை, 2010-க்கு அப்புறம் வந்த தார் டி.ஐ. மாதிரி, வாங்குவது பல நேரம் மலிவாக முடியும். பேப்பரும் சுத்தம். முழு வேலைக்கான தொகையோடு ஜீப் விற்கிற விலையையும் சேர்த்துப் பார்த்தால் இந்த வழி கண்ணில் படும், ஆனால் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை, ஜீப் என்றால் அப்படி ஒரு பாசம். தனியார் தோட்டத்துக்குள்ளேயே ஓடுகிற, ரோட்டுக்கே வராத வண்டி என்றால் எந்த இன்ஜினை வேண்டுமானாலும் வைத்து விளையாடலாம், அந்தச் சுகம் தனி.

வேலை முடிந்து வண்டி கைக்கு வந்தால் மணிக்கணக்கில் ஐடிலில் விட்டு "செட் ஆகட்டும்" என்று நிறுத்திவைக்காதீர்கள், பட்டறையிலும் விட விடாதீர்கள். ரிங் லைனரில் உட்கார அழுத்தம் வேண்டும், அது லோடில்தான் வரும். சாதாரண மினரல் ஆயில் ஊற்றி, ஒரே வேகத்தில் ஓட்டாமல், மிதமான ஏற்றங்களில் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள், முழுதாக மிதிக்காமல். 500 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, வடித்த ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பாருங்கள்: சாம்பல் நிறத்தில் மினுமினுப்பது ரிங் உட்காருகிற தூள், பயமில்லை, கண்ணுக்குத் தெரிகிற துகளோ செம்பு நிறமோ இருந்தால் வண்டியை நிறுத்திவிட்டு லேத்காரரைக் கூப்பிடுங்கள். கேஸ்கெட் ரகம் கேட்டால் ஹெட் போல்ட்டையும் அப்போதே டார்க் ரென்ச்சில் மறுபடி இறுக்க வேண்டும், டாப்பெட்டும் பார்க்க வேண்டும். பிளாக்கை மாற்றியிருந்தால், எண் பொறித்த பழைய பிளாக்கை ஆர்.டி.ஓ. வேலை முடிகிற வரைக்கும் காயலான் கடைக்குப் போடாமல் வீட்டில் வைத்திருங்கள், ஆய்வாளர் கேட்டால் காட்ட வேண்டியிருக்கும்.